விறகே எரிக்காத தெரு

1974 கோடை விடுமுறைக்கு ஷகிலா தர்மபுரி வந்து சேர்ந்தபோது, அவள் என்ன படிக்கிறாள் என்பது தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எம்.ஏ. பொருளாதாரம் என்று நிறுத்தியிருந்தால் பாங்க் வேலை என்று தலையாட்டியிருப்பார்கள். அவளோ, காடும் தண்ணீரும் குறைந்தால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போடும் படிப்பு என்றாள்.

"அதுக்கு யாரும்மா சம்பளம் குடுப்பாங்க?" என்றார் விறகு மண்டி வைத்திருந்த அவள் அப்பா அப்துல் சுபான்.

அது அவளுக்கும் தெரியாது. இப்போதைக்குக் கிடைத்தது ஒரு மாதப் பயிற்சி. வீடு வீடாகப் போய் எவ்வளவு விறகு எரிகிறது என்று கேட்டு, புள்ளிவிவர அதிகாரி சவுரியப்பனிடம் சொல்ல வேண்டும்.

முதல் வீடு காசியம்மாளுடையது. "வெறகா? நாங்க வாங்கறதே இல்ல கண்ணு" என்றாள் அவள். அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்படியிலிருந்து புகை சுருண்டு வந்தது. அடுத்த வீட்டுப் பெரியவர் அவசரமாக விறகுக்கட்டின் மேல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். விறகுக்கு வரி போடப் போகிறார்கள் என்ற பேச்சு ஷகிலாவுக்கு முன்பே தெருவைச் சுற்றி வந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால், அவள் கணக்குப்படி அந்தத் தெருவே பச்சைக் காய்கறி தின்று உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது.

சவுரியப்பன் சிரிக்காமல் கேட்டார்: "ரொம்ப நல்ல தெருங்க. சோறு மட்டும் எப்படி வேவுதுன்னு கேட்டீங்களா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மனசில்லாமல் காசியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே காசியம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா இப்படிப் பொகையுது?" என்று ஷகிலாவின் வாயிலிருந்து தானாக வந்தது.

"பொகையாம? உங்கப்பா போடறது பூரா ஈர வெறகு! ஒரு கட்டுல ஆவற சோத்துக்கு ரெண்டு கட்டு போவுது!"

கேட்காமலே கணக்கு கிடைத்ததில் ஷகிலா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு எந்த வீட்டிலும் எவ்வளவு என்று கேட்கவில்லை. புகையைப் பற்றித்தான் கேட்டாள். தெருவே கொட்டித் தீர்த்தது. பாயில் படுத்த பெரியவர் எழுந்து கட்டைப் பிரித்தே காட்டினார்.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா கேட்டார்: "என்னதான் கண்டுபுடிச்ச?"

"ஈர வெறகால பாதி வீணாப் போவுதுப்பா. அதனால காட்டுலயும் ரெண்டு மடங்கு வெட்டறாங்க."

"எந்த மண்டி வெறகு?"

ஷகிலா தட்டிலிருந்த சோற்றை ரொம்ப அக்கறையாகப் பிசைந்தாள். அம்மா ஜான் பீ வாய் திறந்தாள். "இந்த வூட்லயும் அதே வெறகுதான் எரியுது. என் கண்ணப் பாருங்க."

 சில நாள் கழித்து அப்பா, விறகு நனையாமலிருக்க மண்டிக்குத் தகரக் கூரை போட்டார். கட்டுக்கு விலையையும் கொஞ்சம் ஏற்றினார். கேட்டவர்களிடம், "காலேஜ்ல படிக்கிற பொண்ணு சொல்லிச்சுங்க" என்று பழியை அவள்மேல் போட்டார்.

அவள் கொண்டுவந்த விவரம் சவுரியப்பனுக்குப் பிடித்துப்போயிற்று. படிப்பை முடித்ததும் அரூர் பக்கம் கிணற்றுத் தண்ணீர்க் கணக்கெடுக்கத் தற்காலிக வேலைக்கு வரச் சொன்னார். ஷகிலா ஓட்டமாக வந்து வீட்டில் சொன்னாள். அப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை.

"போ, போ. அந்த ஊர்ல நமக்குக் கடை கிடை ஒண்ணுமில்ல."