டிஃப் என்று பெயர் மாற்றிய படம்

குய் ஞோன் என்ற கடற்கரை ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் முகம் கொடுப்பவள் தோவா. கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, கோட்டு மாட்டி, வெளிச்சமேற்றி, வீட்டில் இறந்தவர்களைக் கும்பிடும் பீடத்தில் வைக்கும் படமாக்கித் தருவாள். அவள் வீட்டுப் பீடத்தில் மட்டும் படமே இல்லை. கணவன் கியெம் கேமராவைக் கண்டாலே முதுகைக் காட்டுகிற பிறவி. இருந்த கல்யாணப் படங்களையும் புயல் வெள்ளம் கொண்டுபோனது; பிறகு அவனைக் கடலே கொண்டுபோனது.

முதல் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்தம் திரண்டு வந்தால் எதைப் பார்த்துக் கும்பிடும் என்ற கவலை ஒருபுறம். அதைவிட, அவன் முகம் அவளுக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டிருந்தது. பேச ஆளில்லாத வீட்டில் அந்தப் பயம்தான் அவளைத் தின்றது.

அப்போதுதான் கொழுந்தன் லுவான் போன் செய்தான்.

"அண்ணி, முன்னாடி படகுல அண்ணனை ஒரு படம் எடுத்திருக்கேன், இப்பத்தான் கண்ணுல பட்டுது. சூரியன் பின்னாடி. மூஞ்சி கன்னங்கரேல்னு இருக்கு."

"உன் கேமரா ரெண்டு வகையாவும் சேமிக்கும்டா. ஜேபெக்னா சுருக்கி வெச்ச சின்னப் படம், ஒண்ணும் பண்ண முடியாது. டிஃப்னா சுருக்காத முழுப் படம், இருட்டுக்குள்ளயும் ஆளு இருப்பாரு, தோண்டி எடுத்துடலாம்."

மறுநாள் காலை காய்ந்த கணவாயும் பென்டிரைவுமாக வந்து நின்றான்.

"டிஃப்தான் அண்ணி! பேருலயே இருக்கு பாருங்க."

தோவா எந்தப் படத்தையும் எடுத்த எடுப்பில் திறப்பவள் அல்ல. பெயர் ஊரை ஏமாற்றும். கோப்பின் தொடக்கத்தில் உள்ளே இருக்கும் நாலு எழுத்து ஏமாற்றாது. ஒரு சின்ன நிரலில் கோப்பின் அந்தத் தலைப்பகுதியை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். என்ன வகை, ஒரு நிறத்துக்கு எத்தனை பிட் என்று தெரிந்துவிடும். பதினாறு என்றால் கறுப்புக்குள்ளேயே ஆயிரம் கறுப்பு இருக்கும். எட்டு என்றால் கைப்பிடி அளவுதான்.

எட்டிப் பார்த்தாள். ஜேபெக். எட்டு பிட்.

"பேரை யாருடா மாத்துனது?"

"நான்தான். டிஃப்னாதான் அண்ணன் கிடைப்பாருன்னீங்களே, பேரோட கடைசி எழுத்துகளை அழிச்சுட்டு டிஃப்னு அடிச்சேன். மாறலியா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நிஜமான டிஃப் இருந்த மெமரி கார்டு எங்க?"

"சின்னப் படத்தை மட்டும் போன்ல ஏத்திக்கிட்டு, சித்தி மக கல்யாணத்துல படமெடுக்கக் கார்டை அழிச்சுட்டேன் அண்ணி." சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

தெரிந்தும் திறந்தாள். வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற, முகமிருந்த இடத்தில் சாம்பல் கட்டங்கள் கொப்பளித்தன. கண் இல்லை, வாய் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

லுவான் திரையிலிருந்த கட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தான். "எல்லாரும் என்னை அண்ணன் ஜாடைங்கிறாங்க. என் மூஞ்சிய வெச்சு, கொஞ்சம் வயசேத்திடுங்க. யாருக்குத் தெரியும்?"

திரும்பி அவனைப் பார்த்தாள். அதே தாடை, அதே நெற்றி. அரைமணி நேர வேலை. பாவி மனசு ஆசைப்பட்டது. கை கேமரா வரைக்கும் போய்விட்டது. அடுத்த நொடி அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"உசுரோட இருக்கிறவனைப் பீடத்துல ஏத்தச் சொல்றியா? வாயைக் கழுவுடா! எனக்குன்னு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்."

படத்தை ஒன்றும் செய்யாமல் அப்படியே அச்செடுத்தாள். செக்கச்சிவந்த வானத்துக்கு முன்னால் கறுப்பாக ஓர் ஆள்.

"சொந்தக்காரங்க கேட்டா?"

"உங்கண்ணன்னு சொல்லு."

லுவான் போன பிறகு, படத்தைப் பீடத்தில் வைத்து, பத்தி கொளுத்திக்கொண்டு அதன் முன் நின்றாள். அந்தக் கறுப்பில் கியெமின் கண் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.