செவனுவின் நெஞ்சுப் பள்ளத்தை என்ன செய்வது?

1

இந்தக் கதை ஒரு பனியனிலிருந்து வந்தது. 1978இல் இலங்கை மலையகத்தில், லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், பீலிக் குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீரில் ஆண்களெல்லாம் வெற்றுடம்போடு குளிக்க, ஒருவன் மட்டும் பனியனோடு குளித்தான். நான் அவனோடு பேசவில்லை. பேசியிருந்தால் கதை தேவைப்பட்டிருக்காது.

2

தொடக்கங்கள்:

மலையை மூடிய பனி மெல்ல (வேண்டாம். பனி எந்தக் கதைக்கும் வரும்.)

செவனு பிறந்தபோதே அவனுடைய மார்பெலும்பு (இது ஆஸ்பத்திரிச் சீட்டு.)

சரி, நேராகச் சொல்கிறேன். செவனு தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ஆலையில், வேலை செய்கிறான். நெஞ்சின் நடுவில் கைமுட்டி அமரும் பள்ளம். தை மாதம் கல்யாணம். அதற்கு முதல் நாள் நலங்கில் சட்டையைக் கழற்றி உட்காரவைத்து, முறைக்காரிகள் நெஞ்சில் சந்தனம் பூசுவார்கள்.

இதோடு போயிருக்கும். அவன் தாய் இராக்கம்மா கெடுத்தாள். பனியன் ஏன் என்று கேட்டவர்களிடம், "முனியாண்டிக்கு நேந்திருக்கோம். நலங்கன்னைக்குத்தான் நெஞ்சத் தொறப்பான்" என்று சொல்லிவைத்தாள். இப்போது லயத்து வரிசை வீடு அத்தனையும் அந்த நாளுக்குக் காத்திருக்கிறது.

3

கொழும்பில் ஒரு டாக்டர்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லைங்க."

"நோவு?"

"வெக்கந்தாங்க."

மல்லாக்கப் படுக்கவைத்து, பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி அளந்தார். பிறகு வழிகளைச் சொன்னார். வளைந்த குருத்தெலும்புகளை வெட்டி, மார்பெலும்பைத் தூக்கி, அடியில் உருக்குக் கம்பி வைக்கலாம். மாதக்கணக்கில் பாரம் தூக்க முடியாது. அல்லது பள்ளத்துக்கு அச்சு எடுத்து, சிலிகோன் கட்டி வார்த்து, தோலுக்கடியில் வைக்கலாம். எலும்பு அப்படியே கிடக்கும். வெளியே சமமாகத் தெரியும். அல்லது சும்மா விடலாம். இதயத்துக்குக் கெடுதல் இல்லை.

"நீர் யோசித்து, திங்கட்கிழமை வந்து பதில் சொல்லும்."

(கதையின் நடுவும் உள்வாங்கியிருக்கிறது என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் நெஞ்சு எனக்கு உவமை இல்லை.)

4

முடிவு அ: கம்பி. கல்யாணம் தள்ளிப்போகிறது. ஸ்டோரில் அவனிடத்தில் வேறொருவன்.

முடிவு ஆ: சிலிகோன். நலங்கில் நெஞ்சு சமம். முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுகிறார்கள். செவனு மட்டும் சாப்பிட

இரண்டிலும் ஒருத்தியை நான் கேட்கவேயில்லை.

5

தனலெட்சுமி, கட்டப்போகிற மாமன் மகள். முதல் பிரதியில் "மனசுதான் முக்கியம்" என்றாள். எந்தத் தோட்டத்திலும் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. திரும்ப எழுதுகிறேன். லுணுகலை பஸ் நிற்கும் இடம், ஞாயிற்றுக்கிழமை.

"மச்சான், ஒங்க நெஞ்சப் பாக்க எங்க லயமே கெளம்பி வருது. நோட்டீசு அடிக்காததுதான் பாக்கி."

"நேர்த்திக்கடனெல்லாம் பொய். நெஞ்சுல பள்ளம் இருக்கு."

"எம்புட்டு?"

"டாக்டரு தண்ணி ஊத்திப் பாத்தாரு."

"குடிச்சாரா?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் கேலியை நிறுத்திக்கொண்டாள்.

"அறுக்கப் போறீங்களா?"

"தெரியல."

"காட்டுங்க."

"இங்கயா?"

"அப்ப ஊரோட சேந்துதான் நானும் பாக்கணுமா?"

செவனு சுற்றுமுற்றும் பார்த்தான். அவள் கையை நீட்டி, சட்டைக்கு மேலேயே

இந்த வாக்கியத்தை நாலு தரம் முடித்துப் பார்த்தேன். நாலும் பொய். நீங்கள் முடியுங்கள், நாளை திங்கட்கிழமை. ஒன்று மட்டும்: அவளுக்காக நீங்களே "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அதைப் பற்றி அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.