மெட்டோல் கரையும் வரை

ஜாடிக்குள் வெள்ளைத் துகள்கள் சுழன்றுகொண்டே இருந்தன. ரோஹிணி கண்ணாடிக் குச்சியை நிறுத்தினாள். துகள்கள் மெல்ல இறங்கி அடியில் மாவு போலப் படிந்தன. மறுபடி கலக்கினாள். மறுபடி எழுந்து சுற்றின. ஒன்றுகூடக் கரையவில்லை.

செய்த தப்பு அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சல்பைட்டை முதலில் கொட்டிவிட்டாள். மெட்டோல் கரைந்த பிறகுதான் சல்பைட் போட வேண்டும். சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டோல் கரையவே கரையாது. அதுவும் பானைத் தண்ணீர், சில்லென்று இருந்தது. இத்தனை வருஷமாகத் தன் கையால், போட்டோ கழுவும் டெவலப்பர் மருந்து கலக்குகிறவள். இன்றைக்குப் பார்த்துக் கை முந்திக்கொண்டது. மெட்டோல் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். காலி.

வெளியே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். மேளத் தோலைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்தும் புகை, ஸ்டூடியோவாக இருந்த வீட்டு முன்னறை வழியாக, அவள் நின்ற இருட்டறைவரை வந்தது. நகரியில் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் தறி ஓடவில்லை. பந்தலுக்குக் கீழே, பெஞ்சின் மேல், அவள் அம்மா கன்னியம்மாள் கிடந்தாள்.

விடியும்போது உயிர் போயிருந்தது. பஞ்சுத் தூசி ஏறிய நெஞ்சு, நான்கு நாளாக இழுத்துக்கொண்டிருந்து, பால்காரன் மணி அடித்துக்கொண்டு போன நேரத்தில் நின்றது. ரோஹிணி அம்மாவின் வாயருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு தெருமுனை எஸ்.டி.டி. பூத்தைத் திறக்கச் சொல்லி, குவைத்தில் தம்பி சுரேஷ்பாபு வேலை செய்து தங்கியிருக்கும் பட்டறைக்கு போன் போட்டாள்.

சுரேஷ்பாபு வர முடியாது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. அதை இரண்டு பேரும் பேசவே இல்லை. லைனில் கடல் இரைவது போல ஒரு சத்தம் வந்தது.

"அக்கா, எங்கூட வேல செய்யற சிரஞ்சீவி லீவு முடிஞ்சி இன்னிக்கித்தான் இங்க கெளம்புறான். பிச்சாட்டூர்ல இருந்து நகரி வந்து பஸ் ஏறுவான். அவங்கிட்ட ஒரு போட்டோ குட்த்தனுப்பு."

"நல்ல போட்டோ இருக்குதுடா. கோயில்ல எட்த்தது."

"அது இல்ல. இன்னிக்கி எப்டி இருக்குதோ அது. அந்த மூஞ்சிய நான் பாக்கணும் அக்கா. பாக்கலன்னா என் மனசு நம்பாது. அம்மா ஊர்ல தறிக்கு நூல் தார் சுத்திக்கினு இருக்குதுன்னே நெனச்சிக்கினு இருப்பேன்."

அவள் வீட்டுக்கு வந்து, ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஜன்னலைத் திறந்து கேமரா ஸ்டாண்டை வைத்தாள். மூக்கில் பஞ்சு வைக்கவில்லை. தாடையைக் கட்டவில்லை. ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் இடது கன்னத்தில் விழும்வரை காத்திருந்து ஆறு படம் எடுத்தாள். கடைசிப் படத்தின்போது வாசலில் மாமா வெங்கடசாமி நின்றுகொண்டிருந்தார். கன்னியம்மாளின் ஒரே தம்பி. பக்கத்துத் தெருவில் தறி ரிப்பேர் பார்க்கிறவர்.

"எங்க அக்கா செத்துக் கெடக்குது. நீ இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்றார்.

"சுரேசுக்கு மாமா."

"செத்த மூஞ்சிய அவனுக்கு அனுப்புவியா? அங்க தனியா கெடக்கற புள்ள அத வச்சிக்கினு இன்னா பண்ணுவான்? உசுரோட இருக்கற போட்டோவ அனுப்பு. அதான் மொற."

"அவன்தான் கேக்கறான்."

மாமா பந்தல்காரனைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குள் விஷயம் பெண்கள் கூட்டத்தில் பரவியிருந்தது. பெத்தவ செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, கேமராவத் தூக்கிக்கினு சுத்துறா என்று யாரோ சொன்னது ரோஹிணியின் காதிலும் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோஹிணிக்கு முப்பத்தாறு வயது. திருப்பதியில் யாத்திரிகர்கள் தங்கும் தெருவில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும் வேலையில் இருந்தாள். கலர் மெஷின் வந்ததும் அந்த முதலாளி, நெகடிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் பழைய என்லார்ஜரை விற்றபோது, அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து வீட்டு முன்னறையிலேயே போர்டு மாட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் மெட்ராஸ் கம்பெனிகளுக்கும் ஆள் கிளம்பக் கிளம்ப, காலையில் எடுத்து மாலையில் கையில் தரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு அவளிடம்தான் வந்தார்கள். ஊர் காலியாகக் காலியாக அவளுக்கு வேலை கூடியது. தம்பியின் பாஸ்போர்ட் போட்டோவையும் அவள்தான் எடுத்தாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு, நேரம் இல்லை என்று சொல்லுவாள். அது பெரும்பாலும் உண்மை.

டெவலப்பர் பாக்கெட் வாங்கமாட்டாள். மருந்துகளைத் தனித்தனியாக வாங்கிக் கலப்பாள். கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கும் பேப்பருக்கும் அதையே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்வாள். அம்மாவுக்கு முடியாமல் போன நாலு நாளில் பழைய மருந்து டீ நிறத்துக்கு மாறி வீணாகிவிட்டிருந்தது. புதிதாக மருந்து வாங்கத் திருப்பதி போய்த் திரும்பினால் சிரஞ்சீவியின் பஸ் போய்விடும். ஆகவே இதுதான், இந்த ஜாடிதான்.

அவள் குச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெட்டோல் கெட்டுப்போகவில்லை. அடியில் அப்படியேதான் இருக்கிறது. சல்பைட் தண்ணீரை மேலாக இறுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினால், கீழே நிற்பதை வெறும் சுடுதண்ணீரில் தனியாகக் கரைக்கலாம். கரைந்த பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தேவை சுடுதண்ணீர்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. காபிகூட எதிர்வீட்டிலிருந்து வந்தது. வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், மூன்று கல் வைத்து ஓர் அண்டாவில் மட்டும் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவைக் குளிப்பாட்ட.

ரோஹிணி செம்பை எடுத்துக்கொண்டு போனாள். அண்டாவில் செம்பை விட்டபோது கிருஷ்ணம்மா அத்தை பதறினாள். மாமாவின் மனைவி அவள். "ஏய், அது பொணத்துக்கு வச்ச தண்ணிம்மே! அத எட்த்துக்கினு எங்க போற?"

"எங்கம்மாவுக்கு வச்ச தண்ணிதானே அத்த. எங்கம்மா வேலைக்குத்தான் எட்த்துக்கினு போறேன்."

அத்தை அண்டாவுக்கு அடியில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

இருட்டறையில் அவள் ஜாடியை மெதுவாகச் சாய்த்துத் தெளிந்த தண்ணீரை வேறு ஜாடிக்கு இறுத்துக்கொண்டிருந்தபோது, மாமா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"தண்ணி எட்த்துக்கினு வந்துட்டியாமே. வெளிய நாலு ஜனம் நாலு விதமா பேசுது. நீ வந்து தலமாட்டுல ஒக்காரு."

"மாமா, கொஞ்சம் இத புடி. ஆடாம புடி."

ஜாடியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டார். அவள் செம்பிலிருந்து சூடான தண்ணீரை மெட்டோல் மேல் ஊற்றிக் குச்சியையும் அவரிடமே தந்தாள். "மெதுவா கலக்கு. வேகமா சுத்தாத. காத்து பூந்தா மருந்து கெட்டுப்பூடும்."

தறியில் அறுந்த நூலைத் தேடிப் பிடிக்கிற கை. மாமா கலக்கினார். கண்ணாடியில் குச்சி உரசியது. அவள் இன்னொரு பக்கம் ஹைட்ரோகுயினோனையும் சோடாவையும் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தினி நேரம்?" என்றார் மாமா.

"கரையற வரைக்கும்."

"நீ ஏன் அழல?"

"கை நடுங்கினா படம் ஆடிடும் மாமா."

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரஞ்சிடுச்சி பாரு," என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

ஜாடி தெளிவாக இருந்தது. அவள் அதை பல்பின் முன் தூக்கிப் பிடித்து, ஒரு துகளும் இல்லை என்று பார்த்தாள். இறுத்துவைத்த சல்பைட் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தெளிவு மாறவில்லை. மற்ற மருந்துகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று கரைந்த பிறகே அடுத்ததைப் போட்டாள். பானைத் தண்ணீரை விட்டுச் சூட்டைத் தணித்தாள்.

"இனிமே லைட்ட அணைக்கணும். நீ போறதுன்னா போ மாமா."

மாமா போகவில்லை. கும்மிருட்டில் அவள் பிலிமைச் சுருட்டி டப்பாவுக்குள் ஏற்றி மூடும்வரை சுவரோடு ஒட்டி நின்றார். இருட்டில் ஒருமுறை அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரோஹிணியின் கை வேலையைப் பார்த்தது.

பிலிமைக் கழுவி, ஈரத்தை ஒற்றி, மின்விசிறிக்கு முன்னால் பிடித்துக் காயவைத்தாள். மேளம் நின்று நின்று அடித்தது. உறவுக்காரர்கள் புத்தூரிலிருந்தும் ஏர்பேட்டிலிருந்தும் வந்து இறங்கி, அழுகை புதிதாக எழுந்து அடங்கியது. இரண்டு தடவை யாரோ வந்து கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் மாமாதான் கதவைக் கொஞ்சம் திறந்து, "வருது, வருது, போ," என்று அனுப்பினார்.

சிவப்பு விளக்கைப் போட்டு, என்லார்ஜரில் படத்தை விழவைத்த முதல் பேப்பரை மருந்தில் அமிழ்த்தினாள். தட்டை லேசாக ஆட்டினாள். முதலில் தலையணை ஓரத்தின் நிழல் வந்தது. பிறகு புருவம், மூக்கின் ஓரம், மூடிய கண். மாமா குனிந்தார். மூச்சு தட்டில் படும் அளவுக்குக் குனிந்தார்.

"தார் சுத்திட்டு, அப்டியே சாஞ்சி தூங்குமே," என்றார். "அந்த மாதிரி கீது."

அவள் இடுக்கியால் படத்தை எடுத்து, அது மங்காமல் நிலைக்க ஹைப்போ மருந்தில் போட்டாள்.

"குடு அவனுக்கு," என்றார் மாமா. "பாக்கட்டும்."

சிரஞ்சீவி பெட்டியோடு முன்னறையில் காத்திருந்தான். பஸ் பிடிக்கும் அவசரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். "அக்கா, டைம் அயிபோயிந்தி அக்கா," என்று நேரமாகிவிட்டதைத் தெலுங்கில் சொன்னவன், படத்தைக் கையில் வாங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். அது இன்னும் முழுக்கக் காயவில்லை. ரோஹிணி அதைத் தாளுக்கு நடுவே வைத்து, இரண்டு அட்டைகளுக்குள் கட்டிக் கொடுத்தாள்.

"பெட்டில போடாத. ஒட்டிக்கும். மெட்ராஸ் போறவரைக்கும் மடியில வச்சிக்கினு போ."

"சரி அக்கா."

"அவன் வேலை முடிஞ்சி வந்து, துன்னதுக்கு அப்புறம் குடு. ஒடனே குட்த்துடாத."

சிரஞ்சீவி தலையாட்டினான். பந்தலுக்குப் போய் கன்னியம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தான்.

அதன்பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. ரோஹிணிதான் அம்மாவின் தலைக்குச் சீயக்காய் தேய்த்தாள், முகத்துக்கு மஞ்சள் பூசினாள், புதுச் சேலை கட்டினாள். தண்ணீரின் சூடு போதுமா என்று புறங்கையில் விட்டுப் பார்த்த பிறகே ஊற்றினாள். கொள்ளிக்குச் சுரேஷ்பாபு இல்லாததால் மாமா சட்டியைத் தூக்கிக்கொண்டார். பெண்கள் தெருமுனைவரை போய் நின்றார்கள். மேளச் சத்தம் ஆற்றுப்பக்கம் இறங்கி மறைந்தது.

திரும்பி வந்து, வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு அவள் இருட்டறைக்குப் போனாள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். மிச்சமிருந்த டெவலப்பரைப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, காற்று போகாமல் மூடினாள். நாளைக்கு மறுநாள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

என்லார்ஜருக்குள் நெகடிவ் இன்னும் இருந்தது. அதை ஓரத்தில் பிடித்து உருவி, ஜன்னலைத் திறந்து, சாயங்கால வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். விரல் அகலக் கட்டத்தில் எல்லாம் தலைகீழான நிறத்தில் இருந்தது. வெள்ளைத் தலையணை இருட்டாகவும், ஜன்னலுக்கு எதிர்ப்புறத்து நிழல் வெளிச்சமாகவும் தெரிந்தன. முழுக்க நரைத்திருந்த அம்மாவின் தலைமுடி, வகிடு எடுத்த இடத்திலிருந்து காதுவரை, கன்னங்கரேலென்று இருந்தது.