மழை நாளுக்கு நாலு டிக்கெட்

லாண்டரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வானிலை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாவது மாடிக்கு மேலே, திறந்த மொட்டைமாடியில், தங்கும் விடுதிகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளைப் பதினாறு கயிறுகளில் காயப்போட்டு எடுப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாக அதே மாடி, அதே வானம். கீழே இஸ்திரி போடுகிறவர்கள், "அக்கா, எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று குரல் கொடுப்பார்கள். விரிப்பின் ஓரம் எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பார்ப்பாள். "முக்கால் மணி நேரம்" என்பாள். சொன்னபடி கொட்டும்.

மழை வந்தால் அவள் குடும்பத்துக்குத் திண்டாட்டம். அவள் கணவர் பெயின்டர். உயரமான கட்டடங்களில் சாரம் கட்டி வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர். மழைக்காலம் தொடங்கினால் பிரஷ்ஷையெல்லாம் கழுவிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கும் அந்த மாதங்களில் பாதி நாள்தான் வேலை. வருடம் முழுக்க வானத்தோடு மல்லுக்கு நிற்கிற வீடு அது.

பள்ளி விடுமுறையில் பெயின்டரின் அக்கா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் குழந்தைகள் பூங்காவுக்குப் போய்வந்தாள். ராட்டினம், பறக்கும் யானை, மலைமேல் ஏறி இறங்கும் டிராகன் ரயில் எல்லாம் இருக்கும் இடம். போய்வந்த கையோடு தம்பி குடும்பத்தை வரச்சொல்லி, ஒரு மணி நேரம் கதை சொன்னாள். அவள் பிள்ளைகள் விளக்கு மின்னும் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட்டார்கள்.

"டிராகன் வாயில நிஜமாவே புகை வருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான் வானிலை அக்காவின் மகன் குண்டூசி. ஐந்து வயது. ஒல்லியாக இருப்பதாலும் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் குத்துவதுபோல் எழுந்துவிடுவதாலும் அந்தப் பெயர். அவன் அக்கா, ஒன்பது வயதுப் பெரியவள், ஒன்றுமே கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியிலும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அழுது அடம்பிடித்திருந்தால் ஒரு அதட்டலோடு போயிருக்கும். கேட்டால் அம்மாவுக்குக் கஷ்டம் என்று கேட்காமலே இருக்கப் பழகிவிட்டார்களே, அதுதான் வானிலை அக்காவைச் சுருக்கென்று தைத்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பெரியவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அவங்க நாள் பூரா இருந்தும் நாலுலதான் ஏறினாங்களாம். மீதி நேரமெல்லாம் வரிசையில நின்னாங்களாம்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில், காய்ந்துகொண்டிருக்கும் விரிப்புகளுக்கு நடுவே நின்று, வானிலை அக்கா பூங்காவுக்குப் போன் போட்டாள்.

"கூட்டமே இல்லாத நாள் எதுங்க?"

எதிர்முனையில் இருந்த பெண் சிரித்தாள். "மழை மாசத்துல, வேலை நாள்ல வாங்க. ஈ ஆடாது. டிக்கெட்டும் பாதி விலை. ஆனா முன்னாடியே வாங்கணும், வாங்கிட்டா திருப்பி எடுத்துக்க மாட்டோம்."

"மழை பெஞ்சா?"

"பெய்யறப்போ எதையும் ஓட்ட மாட்டோம். விட்டதும் ஓட்டுவோம். அதனாலதாங்க பாதி விலை."

அவள் மேலும் கேட்டாள். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா? மாட்டார்கள். கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகலாமா? தாராளமாகப் போகலாம்; வாசலுக்குப் பக்கத்திலேயே பெஞ்சு போட்ட கொட்டகை இருக்கிறது. நேராகப் போகிற பஸ் உண்டா? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மழை நாளில் அவளுக்கும் வேலை கிடையாது, அவருக்கும் கிடையாது. மற்றவர்களுக்கு ஆகாத நாள்தான் தங்களுக்குத் தோதான நாள் என்பது இத்தனை வருடம் புத்திக்கு எட்டவே இல்லையே.

பெயின்டர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நாள் பூரா விடாம பெஞ்சா என்ன பண்றது?"

"நாள் பூரா பெய்யற மழை எது, விடற மழை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு வானம் தெரியும் உனக்கு. அடுத்த மாசத்து வானம் எப்படித் தெரியும்?"

ஆனாலும் அவள் டிக்கெட் வாங்கிவிட்டாள். பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்த ஒரு புதன்கிழமைக்கு, நாலு டிக்கெட். லாண்டரி முதலாளியிடம் லீவு கேட்கப் போனபோது அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, "மழையில நீ இருந்தாலும் துணி காயப்போறதில்ல. போயிட்டு வா" என்றார்.

செய்தி பெயின்டரின் அக்கா காதுக்கு எட்டியது. "தம்பி, உன் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சு? காசு குடுத்து நனையறதுக்குப் போறாளா? குழாயடியில நிக்கவிட்டா போதுமே" என்றாள். பெயின்டர் அதை மனைவியிடம் அப்படியே ஒப்பித்தார். அவள் டிபன் பாக்ஸுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அந்தப் புதன்கிழமை விடியும்போதே பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பஸ்ஸில் மொத்தம் ஒன்பது பேர். பூங்காவுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே ஐந்து பேர் இறங்கிவிட, மிஞ்சியது இவர்கள் மட்டும்தான்.

வாசலில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. உள்ளே ராட்டினங்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, குளிரில் சுருண்டவை போல் கிடந்தன. இவர்களுக்கு முன்னால் வந்திருந்த இரண்டு குடும்பத்தினர் காவலாளியோடு சண்டை போட்டுவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இவர்கள் நாலு பேரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். ஒன்பதரை. பத்து. குண்டூசி டிராகனைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். மழைத் திரைக்குப் பின்னால் அதன் வால் மட்டும் தெரிந்தது. பெரியவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பெயின்டரின் போன் அடித்தது. அவர் அக்கா. எடுக்காமல் விட்டார். மறுபடி அடித்தது. "நான் வேணும்னா சாயங்காலத்துக்கு முன்னாடி வேற பஸ் இருக்கான்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் தயங்கி.

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளைகளின் ஆசையை வைத்துப் பந்தயம் கட்டிவிட்டோமோ? எழுந்து கொட்டகையின் விளிம்புக்குப் போனாள். முந்தானையை விரலால் பிரித்துக் காற்றில் விட்டாள். காலையிலிருந்து வலப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்த காற்று இப்போது சட்டென்று படுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து லேசாகத் தூக்கியது. தூரத்தில் மேகத்தின் அடிப்பாகம், கஞ்சி போடாத துணி போலத் தொளதொளவென்று நைந்திருந்தது. மாடியில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். பிடித்துவைத்த தண்ணீர் தீரப்போகிற மேகம்.

"எல்லாரும் இப்பவே சாப்பிடுங்க" என்றாள் திரும்பி வந்து.

"பத்து மணிக்கா?"

"பதினொன்றரைக்கு விட்டுடும். அப்புறம் சாப்பிட நேரம் இருக்காது."

ராட்டினம் ஓட்டுகிற மீசைக்காரர் ஒருவர் அதே கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனைத் தூக்கிக் காட்டினார். "நாள் முழுக்க மழைன்னு போட்டிருக்கும்மா."

"போன் துணி காயப்போட்டிருக்கா?" என்றாள் அவள், முட்டையை உரித்துக்கொண்டே.

பதினொன்று இருபதுக்குத் தூறலாக இறங்கியது. பதினொன்று நாற்பதுக்கு நின்றது. மேகம் நடுவில் கிழிந்து வெயில் எட்டிப்பார்த்தது. மீசைக்காரர் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணும்மா, இன்னைக்கு ஆள் கம்மி. எல்லா சீட்டையும் துடைச்சு முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்."

"துணி குடுங்க" என்றாள்.

"அதெல்லாம் விருந்தாளிங்க செய்யக் கூடாது."

"துணி குடுங்க அண்ணே."

கொடுத்துவிட்டார். அவள் பிழிந்த பிழியில் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சவில்லை. பெயின்டர் உயரமான இருக்கைகளைப் பார்த்துக்கொண்டார். சாரத்தில் ஏறி இறங்கிய கால்களுக்கு அது ஒரு உயரமே இல்லை. பெரியவள் கைப்பிடிகளைத் துடைத்தாள். குண்டூசி டிராகனின் மூக்கை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தான். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. மீசைக்காரர் ஒரு முறை ரயிலை வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டு, கம்பிக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். "ஏறுங்க. உங்களுக்குத்தான் முதல் மரியாதை."

டிராகன் வாயில் நிஜமாகவே புகை வந்தது.

ஒரு சுற்று முடிந்து இறங்கப் போனார்கள். "எங்கே போறீங்க? உங்களுக்குப் பின்னால யாரு நிக்கறா?" என்றார் மீசைக்காரர். திரும்பிப் பார்த்தார்கள். வரிசைக்காகக் கட்டிய கம்பிகள் வளைந்து வளைந்து காலியாகக் கிடந்தன. பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தாள். இன்னொரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் அந்த யானை. அப்புறம் மறுபடி இது. அவள் கேட்கக் கேட்க வானிலை அக்காவுக்கு மனசு குளிர்ந்தது.

டிராகனில் மட்டும் ஏழு தடவை. பறக்கும் யானையில் நாலு. எட்டு மாடிச் சாரத்தில் ஒற்றைக் கையால் தொங்குகிற பெயின்டர், சுழலும் கோப்பையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு" என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்தது. அவள் கீழே நின்று பையைப் பார்த்துக்கொள்வதாகத்தான் திட்டம். திருட யாருமே இல்லாத இடத்தில் பைக்கு எதற்குக் காவல்? பெஞ்சில் பையைப் போட்டுவிட்டு ராட்சத ஊஞ்சலில் ஏறினாள். அது உச்சிக்குப் போய் நின்ற அந்த ஒரு நொடியில், அவளுக்கு மேலே கயிறும் இல்லை, விரிப்பும் இல்லை. ஓ என்று கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மூன்று மணிக்குப் பெயின்டரின் அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை பெரியவள் போனை வாங்கினாள். "அத்தை, இப்போ பேச முடியாது, பதினெட்டாவது ஏறப்போறோம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் வெளியே வரும்போது டிக்கெட் கொடுக்கிற பெண் கூண்டுக்குள்ளிருந்து கைதட்டிக் கூப்பிட்டாள். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் வானிலை அக்கா நினைத்தாள். சீட்டைத் துடைத்தது குற்றமோ என்னவோ.

"காலையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிறுத்தி வெச்சோம்ல? அப்படி நிறுத்தினா வந்தவங்களுக்கு இன்னொரு நாள் இலவசம். யாருமே காத்திருக்கறதில்ல, அதனால யாரும் வாங்கறதும் இல்ல." நாலு புது டிக்கெட்டில் முத்திரை குத்தி நீட்டினாள்.

பெயின்டர் அவற்றை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் கொடுத்தார். அவள் கையிலிருந்த கனமான பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

திரும்புகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். வேலை முடிந்து போகிறவர்கள் சோர்ந்துபோய் நின்றார்கள். கசங்கி அழுக்கேறிய சட்டையும் கலைந்த தலையுமாக ஏறிய நாலு பேரையும் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "எங்கேம்மா விழுந்து எழுந்து வர்றீங்க?"

குண்டூசி, யாரோ நகர்ந்து இடம் கொடுத்த சீட்டின் மேல் ஏறி நின்று, கரகரத்துப்போன குரலில் காலையிலிருந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். மற்ற நாளாக இருந்தால், பெரியவங்க இருக்கற இடத்துல சத்தம் போடாதே என்று அவனைப் பிடித்து உட்காரவைத்திருப்பாள். இன்று அவன் விழுந்துவிடாமல் காலை மட்டும் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.