மச்சான் அவுத்துக் கொடுத்த காப்பு

பட்டாளத்துக்குப் போகணும்னு வெறி புடிச்சு அலைஞ்சவன் நான். ராக்கன் மச்சானுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. இதை மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா ஊர்ல இன்னைக்கும் தலைகீழாத்தான் பேசிக்கிறாங்க.

சீனாக்காரன் சண்டை நின்னு நாலு மாசம் ஆயிருந்துச்சு. திரும்ப வந்தாலும் வருவான்னு ஆள் எடுத்துக்கிட்டே இருந்தாங்க. அறுபத்து மூணு பங்குனியில புதுக்கோட்டையில ஆள் எடுக்கிறாங்கன்னு அன்னவாசல் டீக்கடையில கேட்டதுலருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாக்கூட லெப்ட் ரைட் போட்டுத்தான் போவேன்.

ஆனா ஊர்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. கட்டிட்டா ஊர்க்காரன் எவனும் ராத்திரி எல்லைக்கு வெளிய தங்கக் கூடாது. மச்சான் கையிலயே மஞ்சக் காப்பு கிடந்துச்சு. அவரு எங்க அக்கா செவந்தி புருசன். அக்காவுக்கு ரெண்டு தடவை வயித்துல தங்காமப் போச்சு. மூணாவது, அப்ப ஏழு மாசம். இதாவது நிலைக்கணும்னு எட்டாம் நாள் தீச்சட்டி எடுக்கிறதா வேண்டியிருந்தாரு.

நான்தான் அவரை இழுத்துக்கிட்டுப் போனேன். தொணைக்கு வாங்க மச்சான், சாயங்கால பஸ்ஸுல திரும்பிடலாம்னேன். அங்க சும்மா நிக்கிறவனையெல்லாம் வெரட்டுனாங்க, அதனால வரிசையில எனக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டாரு. எனக்கு நெஞ்சளவு ஒரு இஞ்சு கம்மி. கண்ணு பிதுங்க மூச்சை இழுத்தும் பத்தலை. அங்கிட்டுப் போன்னுட்டாங்க. அடுத்து மச்சான். கம்மாயில மண்ணு வெட்டுன ஒடம்பு. டேப்பு வச்சதும் சுபேதாருக்கு வாயெல்லாம் பல்லு. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டுட்டாரு. ஏன் போட்டீங்கன்னு கேட்டா, அம்புட்டுப் பேருக்கு நடுவுல முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுன்னாரு. எனக்கு அவரை அப்படியே கடிச்சுத் துப்பலாம்போல இருந்துச்சு.

அன்னைக்கே திருச்சிக்கு லாரி. கையில கயிறு கிடக்கக் கூடாதுன்னுட்டாங்க. காப்பைக் கோயில்ல பூசாரிதான் அவுக்கணும், வேற யாரும் தொடக் கூடாது. மச்சான் என்னை ஓரமாக் கூப்பிட்டு, முடிச்சைப் பல்லால கடிச்சு அவுத்து என் கையில கட்டுனாரு.

"சட்டியை நீ எடுத்துரு மாப்ளே. பாதியில மட்டும் எறக்கிராத. புள்ள நிக்கணும்."

பஸ்ஸுல வர்றப்ப அழுதேன். அவரை நெனச்சு இல்லை. என் எடத்துல அவரு போறாரேங்கிற வயித்தெரிச்சல். அடுத்த மாசமும் ஆள் எடுப்பாங்களாம். அதுக்குள்ள தண்டால் எடுத்து அந்த ஒரு இஞ்சைத் தேத்திடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அக்கா திட்டவே இல்லை. என் மணிக்கட்டைப் பாத்துச்சு, தன் வயித்தைப் பாத்துச்சு, உள்ள போயிருச்சு. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலை. பூசாரி ஆண்டிச்சாமி, கை மாறுன காப்பு செல்லாதுன்னு மறுத்தாரு. அக்கா வயித்தோட போயி நின்னதும் சரின்னாரு. ஆனா எட்டாம் நாள் சட்டியை நீட்டும்போது, இரவல் காப்பு சூடு தாங்காது, வேப்பிலையை நல்லாக் கனமா வச்சுக்கடான்னு ஊரே கேக்கச் சொன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. வேப்பிலையை வீசிட்டு வெறுங்கையில வாங்கிட்டேன். அப்ப எவனாவது என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

மொத்தம் நாலு தெரு. ரெண்டு தெருவுக்கு வீம்பு தாங்குச்சு. அதுக்கு மேல என் தோலு வேகுற வாடை எனக்கே வந்துச்சு. எறக்கிடுடா எறக்கிடுடான்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. மூணாவது தெரு முனையில அக்கா நின்னுச்சு, ரெண்டு கையாலயும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு. என் மூஞ்சியப் பாக்கலை. சட்டியையே பாத்துக்கிட்டிருந்துச்சு. எப்படி எறக்குறது? கோயில் வாசல்ல சட்டி என் கையை விட்டு வரலை, பூசாரிதான் பிரிச்செடுத்தாரு. அந்த மனுசனும் அழுதுட்டாரு.

வைகாசியில அக்காவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. அழகின்னு பேரு வச்சோம். என் புண்ணும் ஆறிப்போச்சு, ஆனா ரெண்டு கையிலயும் விரலுங்க மடங்குனது மடங்குனதுதான். பட்டாளம் இனிமே இல்லைன்னு வைத்தியர் சொல்லாமலே தெரிஞ்சுபோச்சு. கொஞ்ச நாள் பைத்தியக்காரன் மாதிரி திரிஞ்சேன். அப்புறம் மச்சான் வயலையும் சேத்து நானே பாத்தேன். புடிக்க விரல் இல்லாட்டி என்ன, தோள் இருக்குல்ல. மூட்டை பூராவும் அதுலதான் சொமந்தேன்.

ஒரு வருசம் கழிச்சு மச்சான் லீவுல வந்தாரு. கையைப் பத்திக் கடுதாசியில எழுதக் கூடாதுன்னு அக்காகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன், அவருக்கு ஒண்ணுமே தெரியாது. மகளைத் தூக்கிக் கொஞ்சி முடிச்சதும், தன் யூனிபாரம் சட்டையை என்கிட்ட நீட்டுனாரு.

"போட்டுப் பாரு மாப்ளே. ஒன் ஆசைதானே."

வேண்டாம்னு சொல்லியிருக்கணும். ஆசை யாரை விட்டுச்சு, கையை நுழைச்சுட்டேன். பட்டன் வழுக்கி வழுக்கிப் போச்சு. அப்பத்தான் அவரு என் கையைப் பாத்தாரு. புரட்டிப் பாத்தாரு. அக்கா அழ ஆரம்பிச்சதும் எல்லாம் வெளங்கிருச்சு. மண்டி போட்டு, கீழருந்து ஒவ்வொரு பட்டனா அவரே போட்டுக்கிட்டு வந்தாரு.

நெஞ்சுகிட்ட வந்ததும் சட்டை இறுக்கிப் புடிச்சுச்சு. ரெண்டு தடவை இழுத்துப் பாத்தாரு. அவரு அளவுக்குத் தச்ச சட்டை, மூட்டை சொமந்து அகண்ட என் நெஞ்சுக்குப் பட்டன் சேரலை.