விலை ஏற்றும் வார்த்தைகள்

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதிலும் இங்கிலீஷ் என்றால் கேட்கவே வேண்டாம். ஆன்லைனில் பரிசுப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்றில், படத்துக்குக் கீழே நாலு வரி இங்கிலீஷில் எழுதுவதுதான் அவள் வேலை. அங்கே விற்பதெல்லாம் கோணல்மாணல் சாமான்கள். பின்னோக்கி ஓடும் கடிகாரம், மூக்கு வைத்த கோப்பை, வாயைத் திறந்தால் எரிகிற முதலை விளக்கு. தமிழில் கோணல் என்று சொன்னால் எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான். அக்கா ‘குவர்க்கி’ என்று ஒன்றுக்குப் போடுவாள், ‘ஆஃப்பீட்’ என்று இன்னொன்றுக்கு. ‘வியர்டு’ என்று போட்டாளோ, சாமான் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். வருஷக்கணக்காக இதையே எழுதி எழுதி, அதெல்லாம் யாரையும் சுடாத வார்த்தைகள் என்று அவளுக்குப் பழகிவிட்டது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி வெகு காலமாகக் குழந்தை இல்லை. தத்தெடுக்க எழுதிக்கொடுத்து, காத்துக் காத்துக் கண் பூத்துப்போன பிறகு, நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று இவர்களுக்கென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் குட்டி தம்பியின் டூல் பாக்ஸ் மேல் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதில்லை. தம்பி மனைவியை அம்மா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பாக்கி இருந்தது சொந்தக்காரர்களிடம் ஒரு விசாரணை. தங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, தம்பி யோசிக்காமல் அக்கா பெயரைக் கொடுத்திருந்தான். அதனால் தத்தெடுப்பை விசாரிக்கும் அதிகாரியம்மா அக்காவுக்குப் போன் போட்டார்.

எடுத்த எடுப்பிலேயே அக்கா இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பெரிய இடத்துப் போன், தமிழில் பேசினால் மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்று ஒரு இது. அதிகாரியம்மாவும் அப்படியே தொடர்ந்தார். தம்பி எப்படிப்பட்டவர் என்று கேட்டார். தங்கமானவன், ஆனால் கொஞ்சம் வியர்டு என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை.

அடுத்த வாரம் இல்லத்திலிருந்து தகவல் வந்தது. மறுபடி சொல்லும்வரை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாமாம். தம்பி மனைவி அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள். தான் சொன்ன வார்த்தைதான் காரணம் என்று புரிய அவளுக்கு நேரமாகவில்லை. உடனே அதிகாரியம்மாவைக் கூப்பிட்டு, வியர்டு இல்லை மேடம், எக்ஸென்ட்ரிக் என்றாள். அதுவும் சரியில்லையோ என்று பயந்து அன்கன்வென்ஷனல் என்றாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில் யூனிக் என்றும் ஒன்றை எடுத்து விட்டாள். பாவி மனுஷி, ‘அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். தம்பி வீட்டுக்குத் தான் நேரிலேயே வருவதாகவும், அவளும் அங்கே இருக்க வேண்டும் என்றும் சொல்லி அதிகாரியம்மா போனை வைத்துவிட்டார்.

அவன் அப்படி என்னதான் செய்கிறான் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. தையல் உறுத்துகிறது என்று வீட்டில் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொள்வான். முழங்காலுக்கு நல்லது என்று மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவான். நல்லா இருக்கீங்களா என்று யாராவது கேட்டால், நிஜமாகவே யோசித்துப் பதில் சொல்வான். சின்ன வயதிலிருந்து அக்கா அவனுக்கு வைத்த பேர் கோணங்கி.

அதிகாரியம்மா வந்த அன்று, தம்பி மனைவியின் கெடுபிடியில் அவன் சட்டையை நேராகப் போட்டுக்கொண்டு கழுத்தைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று அந்தம்மா கேட்டதும், சற்று யோசித்து, முழங்கால் நேற்றைவிட இன்றைக்குப் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை போக முடியாததுதான் கஷ்டமாக இருக்கிறது என்றான். அக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தம்மா சமையலறை, படுக்கையறை, குழந்தைக்கென்று வாங்கிவைத்த கட்டில் எல்லாம் பார்த்துவிட்டு அக்காவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். அக்கா இங்கிலீஷில் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“நம்ம பாஷையிலேயே பேசலாம்மா. உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கில்ல? அவளை ஒரு ராத்திரியாவது இந்த வீட்டுல விட்டிருக்கீங்களா?”

விட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் தம்பி பக்கத்திலேயே இருந்தான். அவனைக் கேட்டால் உள்ளதைத்தான் சொல்வான். பொய் சொல்ல அவனுக்கு வாய் வராது.

“இல்ல மேடம்.”

“ஏன்?”

அக்கா தம்பி மனைவியைப் பார்த்தாள். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற அக்காவுக்கு அன்றைக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை.

“என் பொண்ணும் இவனை மாதிரியே ஆயிடுவாளோன்னு பயம்.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மாமா மாதிரி என்று மகளும் இப்போது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள், கேட்டதற்கெல்லாம் யோசித்துப் பதில் சொல்கிறாள், அதற்காக அவளை அடிக்கவும் செய்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டார். அவர் மாதிரி ஆனால் என்ன கெட்டுப்போகும் என்று மட்டும் கேட்டார். அக்கா தேடிப் பார்த்தாள். குடி இல்லை. கோபம் இல்லை. பெண்டாட்டியை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அர்த்த ராத்திரியில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை அவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான்.

“எல்லாரும் சிரிப்பாங்க மேடம்,” என்றாள் கடைசியில். அப்படிச் சிரித்தவர்களில் முதல் ஆள் தான்தான் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

அதிகாரியம்மா பேனாவை மூடினார். தான் பயந்தது வேறு என்றார். குடியோ கை நீட்டுகிற புத்தியோ எதையோ மறைக்கத்தான் அக்கா வார்த்தையை மாற்றி மாற்றிப் போடுகிறாள் என்று நினைத்தாராம். அதெல்லாம் இல்லையென்றால் தன் பக்கத்தில் தடையில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றார். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று தம்பியைப் பார்த்துச் சிரிக்கப் போனாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அதிகாரியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம், ஒண்ணு மாத்தணும். எங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா குழந்தையை அக்கா பாத்துக்குவான்னு சொல்லியிருந்தேன். அது வேண்டாம். என் வீட்டுக்காரியோட தங்கச்சி வீட்டைப் போட்டுக்குங்க.”

அந்தம்மா ஏன் என்பதுபோல நிமிர்ந்தார். தம்பி வழக்கம்போல நிஜமாகவே யோசித்தான்.

“என்கிட்ட வளர்ற குழந்தை கொஞ்சமாவது என்னை மாதிரிதான இருக்கும். அக்காவுக்கு அது பயம். பயப்படுற வீட்டுல எதுக்கு மேடம் விடணும்?”

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. லிஃப்டில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று வாட்ச்மேனிடம் சொல்கிற குரல்தான். அதிகாரியம்மா இது உங்களுக்குச் சம்மதம்தானா என்று அக்காவிடம் கேட்டார். சம்மதம் என்றாள் அக்கா. வேறு என்ன சொல்ல முடியும்? அந்தக் குட்டி இந்த வீட்டுக்கு வரப்போகிறது, தன்னை அத்தை என்று கூப்பிடவும் போகிறது. ஆனால் நாளைக்கே உலகம் தலைகீழாகப் போனாலும் தன் வீட்டுக்கு அது வராது. தம்பி எழுந்து வந்து, டீ ஆறிடுச்சுக்கா, வேற போட்டுத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டான்.