எந்த வெருகல் ஐயா

விடிவதற்கு முன்பே வார்டை எழுப்பிவிட வேண்டும். நிறைந்த சிறுநீர்ப் பைகளை வாளியில் கவிழ்த்து, நனைந்த விரிப்பை நோயாளியின் முதுகுக்கடியிலிருந்து உருவி, அதே கையோடு புதியதைச் சொருகி, கட்டில் கட்டிலாகப் பிரஷர் பார்த்து, சேலைன் தீர்ந்த இடத்தில் புதுப் போத்தல் மாட்டிக்கொண்டு நிஷாந்தினி வார்டின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தால், இந்தக் கோடியிலிருந்து யாராவது "மிஸி" என்று கூப்பிடுவார்கள். குதிக்கால் விண்விண்ணென்று வலித்தது. ஜன்னலுக்கு வெளியே திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களின் விளக்குகள் இன்னும் அணையவில்லை.

அவள் பிரசவ வார்டுத் தாதி. ஆண்கள் பக்கத்துக்கு ஆள் போதாது என்று அந்த வாரம்தான் இங்கே மாற்றிவிட்டார்கள். ஏன் போதாது என்று கேட்டால் நிர்வாகம் நாட்டு நிலைமையைப் பற்றிப் பேசும். நடந்தது இதுதான்: மருத்துவ வார்டுக்கும் சத்திரசிகிச்சை வார்டுக்கும் நடுவே இருந்த கதவைக் கழற்றி இரண்டையும் ஒன்றாக்கி, இரவில் நின்ற இரண்டு தாதியரில் ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு பெரிய பலகை எழுந்தது. நோயாளர் பாதுகாப்பு பற்றிய ஆய்வு இங்கே நடைபெறுகிறதாம். பலகைக்கு இரவெல்லாம் வெளிச்சம் வேறு போட்டிருந்தார்கள்.

ஆய்வு பொய்யில்லை. மருந்து கொடுப்பதில் பிழைகள் எங்கே, எப்படி வருகின்றன என்று கண்டறிய வந்தவர் டொக்டர் யுகேந்திரன். மெலிந்த, பயந்த சுபாவமுள்ள மனிதர். புதன்கிழமைதோறும் வார்டின் பின்னாலுள்ள, தேநீர் போடும் குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். யாருடைய பேரும் தனக்கு வேண்டாம், நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்பார். முதலில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிழையைச் சொன்னவளின் வேலை போகும் என்பது அவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லாமலே படித்த பாடம். கிண்ணியாவிலிருந்து வரும் மூத்த தாதி ஸுல்பிகாதான் முதலில் தொடங்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொல்ல, சொன்ன பிறகு நெஞ்சு லேசாகிப் பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதைப் பிழை என்று யாரும் நினைக்காதபடியால். இந்த வார்டில் நோயாளிகளுக்குப் பேர் கிடையாது, ஊர்தான். தகப்பன் வயது மனுசனைப் பேர் சொல்லிக் கூப்பிட எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? ஆகவே நிலாவெளி அண்ணன், மூதூர் வாப்பா, வெருகல் ஐயா. ஊரைச் சொல்லிக் கூப்பிட்டால் நோயாளியின் முகமும் மலரும். டொக்டர்மாரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அதுவே வழக்கம். கையில் கட்டும் பெயர்ப்பட்டிகள் தீர்ந்துபோய் வெகுநாளாகியும் அதனால் ஒருவரும் தடுமாறவில்லை.

முந்திய இரவு, பகல் வேலையை ஒப்படைக்கும்போது உதவியாளர் இராசமலர், வெருகல் ஐயாவை ஜன்னல் பக்கம் மாற்றியிருப்பதாகச் சொல்லிவிட்டு, கப்பல்துறைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வெருகல் ஐயாவுக்குச் சீனி வருத்தம், விடியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும் என்பது நிஷாந்தினிக்குத் தெரியும். சீனி பார்க்கும் பட்டியும் வார்டில் இல்லை. முந்திய நாள் அளவை வைத்துப் போடும்படி மேலிடத்து உத்தரவு.

ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் சாரத்தைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார்.

"வெருகல் ஐயாவோ?"

"ஓம் பிள்ளை."

அவள் கேட்டது சரி, அவர் சொன்னதும் சரி. ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வானம் வெளுத்துக்கொண்டு வந்தபோது ஜன்னல் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. போய்ப் பார்த்தாள். மனிதர் வியர்வையில் குளித்திருந்தார். கை பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. அவளைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டு, நாக்குக் குழற, மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். நிஷாந்தினி துவாயால் அவர் நெற்றியைத் துடைத்தாள். அப்போதுதான் சுவரோரக் கட்டிலிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மிஸி, இண்டைக்கு எனக்கு ஊசி இல்லையோ? பசிக்குது."

அவள் திரும்பினாள். காலில் கட்டுடன் எழுந்து உட்கார்ந்திருந்தார் சின்னராசா. வெருகல்காரர். சீனி வருத்தக்காரர். ஜன்னலோரத்தில் கிடந்தவர் கதிராமத்தம்பி, அவரும் வெருகல்தான். ஹேர்னியா சத்திரசிகிச்சைக்கு முந்திய மாலை வந்து, இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு கிடந்த மனிதர். கதவு இருந்த காலத்தில் இருவரும் வேறு வேறு தாதியரின் பொறுப்பில் இருந்திருப்பார்கள்.

அவ்வளவு பயத்தை நிஷாந்தினி முன்பு அறிந்ததில்லை. பட்டினியில் மயங்கிவிட்டார் என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள் என்ற எண்ணம் அவளுக்கு வரவே செய்தது. புருசன் கடலுக்குப் போய்க் கொண்டுவருவதில் வீடு ஓடாது. பொலிஸ் என்றால் ஊரே திரண்டு வந்து பார்க்கும். ஆனால் இன்சுலின் உடம்பில் மணிக்கணக்காக வேலை செய்யும். காரணம் தெரியாத டொக்டர் ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, கண் திறந்ததும் போய்விடுவார். அதன் பிறகு திரும்பவும் சீனி இறங்கினால் மனிதர் முடிந்தார்.

இரவுக் கடமையிலிருந்த டொக்டரைக் கூப்பிட ஓடினாள். படியில் ஏறி வந்துகொண்டிருந்த ஸுல்பிகாவின் மேல் மோதிக்கொண்டாள்.

"ராத்தா, ஆள் மாறிப் போச்சு. ஜன்னல் ஐயாவுக்கு இன்சுலினைப் போட்டிட்டன். நான்தான் போட்டனான்."

ஸுல்பிகா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையை எறிந்துவிட்டு, குளுக்கோஸ் இருக்கும் அலுமாரியைத் திறக்க ஓடினாள். டொக்டர் வந்தார். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி, கடைசியில் முழங்கை மடிப்பில் ஊசி ஏறியது. சற்று நேரத்தில் கதிராமத்தம்பி கண்ணைத் திறந்து, தன்னை ஏன் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள் என்று கேட்டார். நிஷாந்தினி நிலத்திலேயே குந்திவிட்டாள். நல்ல வேளை உண்மையைச் சொன்னாய் என்று டொக்டர் சொன்னது அவள் காதில் ஏறவேயில்லை. கதிராமத்தம்பியை நாள் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கீழே கொண்டுபோனார்கள்.

செய்தி மேல்மாடிக்குப் போனது. இயக்குநர் கோணாமலை அந்த ஆஸ்பத்திரியின் முதலாளியும்கூட. வார்டுக்கு வருவதென்றால் வாசனை முன்னே வரும், அவர் பின்னே வருவார். அன்றைக்கு அவர் நேரே குசினிக்கு வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு கடதாசி. பின்னால் யுகேந்திரன். அவருக்கும் பின்னால், கதவருகே, கதிராமத்தம்பியின் மகன் யதுர்ஷன், முகமெல்லாம் கோபமாக நின்றான். இரவு வேலை முடித்தவர்களும் பகல் வேலைக்கு வந்தவர்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசும்போதுதான் அவருக்குக் கூடுதலாகப் பயப்படுவார்கள். ஒருத்தியின் கவனயீனத்தால் ஆஸ்பத்திரியின் பேர் கெட்டுவிட்டது என்றார். தான் கவனயீனமாக நடந்ததை ஒப்புக்கொண்டு வேலையை விட்டு விலகுவதாக அவள் கையெழுத்து வைத்தால் பொலிஸுக்குப் போகாமல் முடித்துத் தருவாராம். இனிமேல் குசினிக் கதைகளில் யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று யுகேந்திரன் பேரோடு தர வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வு இத்துடன் நிற்கும் என்றும் சொன்னார்.

யுகேந்திரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிஷாந்தினி கையெழுத்து வைக்கத்தான் நினைத்தாள். பொலிஸ் என்ற சொல்லே அதற்குப் போதுமாயிருந்தது. பேனைக்குக் கை நீட்டவும் செய்தாள். அப்போது மேல்மாடி அலுவலகத்திலிருந்து இயக்குநருக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"வெருகல் ஐயாவுக்குத் திரும்பவும் ஏலாமல் வருதாம். பாரும், நீர் செய்த வேலையை."

நிஷாந்தினி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தன்னை அறியாமல் கேட்டாள்.

"எந்த வெருகல் ஐயா, சேர்?"

"அதுதான்... அந்த வெருகல் ஐயா."

"ரெண்டு பேர் இருக்கினம், சேர். கீழ இருக்கிறவரோ? இஞ்ச மேல கால் புண்ணோட இருக்கிறவரோ? அவருக்கு இன்னும் ஊசி போடேல்ல, அவருக்கும் ஏலாமல் வரும்."

இயக்குநர் போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனார். போனில் கூப்பிட்டவரிடம் திரும்பக் கேட்டார். அவருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. மின்ஹா என்ற பயிற்சித் தாதி வார்டுக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, சின்னராசா நன்றாக இருக்கிறார், வருத்தப்படுவது கீழே இருப்பவர்தான் என்று மூச்சிரைக்கச் சொன்னாள். ஸுல்பிகா சுவர்ப் போனை எடுத்து அவசரப் பிரிவுக்குப் பேசினாள். சீனி மறுபடி இறங்கியிருந்தது. அது இறங்கும் என்று தெரிந்தே பக்கத்தில் ஆள் இருந்தபடியால் உடனே குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். இப்போது பரவாயில்லையாம்.

குசினியில் அடுப்பில் கொதித்த தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

யதுர்ஷன்தான் முதலில் பேசினான். அவன் இயக்குநரைப் பார்த்துக் கேட்டான்.

"இரவில எத்தினை மிஸி நிண்டவை?"

இயக்குநர் அதெல்லாம் நிர்வாக விஷயம் என்றார். அப்போது யுகேந்திரன் தலையை நிமிர்த்தினார். அவருடைய குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

"ஒரு ஆள்தான். முந்தி ரெண்டு பேர். வார்டுகளை ஒண்டாக்கின பிறகுதான் மருந்துப் பிழையள் இப்பிடிக் கூடினது. இதை உங்களிட்டச் சொல்லப் பயந்து வைச்சிருந்தனான், சேர். பேரைக் கேட்டால் நாளைக்கு இஞ்ச ஒருத்தரும் பிழையைச் சொல்லாயினம். இந்தப் பிள்ளை சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஐயா இப்ப செத்துப்போயிருப்பார்."

"உம்மட ஆய்வு என்ர கூரைக்குக் கீழதான் நடக்குது."

"ஓம் சேர். அது தெரியும்."

இயக்குநர் கடதாசியைக் குசினி மேசையில் போட்டு நேராக்கினார். எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அவர் பேனையைத் திறந்துகொண்டு நிஷாந்தினியைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவளை அவர் சாம்பல்தீவுப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

"உம்மட பேர் என்ன?"

அவள் வாயெடுக்க முன்னர் ஸுல்பிகா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஸுல்பிகா. முதல்ல என்ட பேர எழுதுங்க, சேர். போன மாசம் பிரஷர்க் குளிசைய ஆள் மாறிக் குடுத்தது நான். அந்த மனிசன் தப்பினது அல்லாஹ்ட காவல்."

இயக்குநர் அவளை விலகச் சொன்னார். அவள் விலகவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் இராசமலர் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இராசமலர். வெருகல் ஐயாவை மாத்தியிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் பஸ்ஸுக்கு ஓடினது நான். எந்த ஐயா எண்டு நான் சொல்லேல்ல."

மின்ஹாவுக்குச் சொல்வதற்குப் பெரிய பிழை ஒன்றும் இன்னும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான், பயிற்சி முடியாமல் அனுப்பிவிட்டால் மூதூரில் தகப்பனின் முகத்தில் விழிக்க முடியாது. ஆனாலும் வந்து மற்ற இருவரோடும் ஒட்டிக்கொண்டு நின்று, தன் பேரை மட்டும் சொன்னாள். சுவரோடு நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக அசைந்து வந்தார்கள். சிலர் தாங்கள் செய்ததைச் சொன்னார்கள். சிலருக்குப் பேர்கூட முழுதாக வெளியே வரவில்லை. தைரியசாலி என்று சொல்லத்தக்க ஒருத்தியும் அந்தக் குசினியில் இல்லை.

பிறகு ஸுல்பிகா எல்லாருக்குமாகச் சொன்னாள். இன்றிரவிலிருந்து ஒருத்தி தனியாக எந்த ஊசியும் போடமாட்டாள். இரண்டு பேர் நின்று, நோயாளியிடம் பேரைக் கேட்டு, அதன் பிறகுதான். இரவில் இரண்டாவது தாதியை நிர்வாகம் போடாவிட்டால் தாங்களே முறை வைத்து நிற்பார்கள், ஆனால் நிர்வாகம் போடும்வரை வாசல் பலகைக்குக் கீழே நின்று வருகிற போகிற சனத்துக்கு விஷயத்தைச் சொல்லுவார்கள்.

"அப்ப எல்லாரையும் நிப்பாட்டுவன்," என்றார் இயக்குநர்.

"நிப்பாட்டுங்க, சேர். எல்லாற்ற பேரையும் எழுதுங்க. இடம் காணாட்டி வேற கடதாசி கொண்டு வாறம்."

யதுர்ஷனின் கோபம் ஆறியதாகச் சொல்ல முடியாது. நிஷாந்தினியை அவன் மன்னித்துவிட்டான் என்றும் சொல்ல முடியாது. அவன் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கதவை விட்டு உள்ளே வந்து, பெண்களின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். தகப்பனுக்கு இன்றிரவு யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் தான் வீட்டுக்குப் போவதில்லை என்று இயக்குநரிடம் சொன்னான்.

நிஷாந்தினி எல்லாரையும் பார்த்தாள். வேலை போகலாம், பொலிஸ் வரலாம், இவர்கள் எல்லாருடைய வேலையும் தன்னால் போகலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸுல்பிகாவையும் இராசமலரையும் விலக்கி நடுவே வந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஷாந்தினி," என்றாள். "சாம்பல்தீவு எண்டு எழுதாதேங்கோ, சேர். அங்க இன்னும் கனபேர் இருக்கினம்."

இயக்குநர் பேனையைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பகல் மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஸுல்பிகா சொன்னாள். அவர்கள் இரண்டு இரண்டு பேராக வார்டுக்குள் போனார்கள்.